பிளேடா, பட்டையா, சாணையா? டிராக் சா பிசிறடிக்கும்போது எதில் காசு போடுவது

ரெயில்மேல் சறுக்கிப் பலகையை நேர்கோட்டில் வெட்டும் ரம்பம்தான் டிராக் சா. கொஞ்ச நாளாக அதைப் பற்றி என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணே, டிராக் சா வாங்கினப்போ நல்லா வெட்டுச்சு. இப்ப ஓரமெல்லாம் பிசிறடிக்குது. புது பிளேடு வாங்கவா, இருக்கறதைச் சாணை பிடிக்கவா?" கேட்டவர்களில் ஒருவர் இங்கே சிங்கப்பூரில் சுங்கை காடுட் பட்டறை ஒன்றில் தச்சு வேலை செய்பவர். இன்னொருவர் செங்காங்கில் சொந்த வீட்டுக்குத் தானே அலமாரி செய்துகொண்டிருக்கும் அலுவலகக்காரர். இருவரிடமும் நான் திருப்பிக் கேட்டது, "எந்தப் பக்கம் பிசிறடிக்குது?" என்று. இருவரும் பார்க்கவில்லை.

அதைப் பார்க்காமல் ஹார்டுவேர் கடைக்குக் கிளம்பினால் பாதி நேரம் தவறான பொருளோடுதான் திரும்பி வருவீர்கள். பிளேடு போய்விட்டது என்று நினைத்து என்னிடம் கொண்டுவரப்பட்ட ரம்பங்களில் பலவற்றில் பிளேடு நன்றாகவே இருந்தது. ரெயில் ஓரத்து ரப்பர் பட்டைதான் போயிருந்தது. அதனால் கேள்வியைக் கொஞ்சம் விரித்துக்கொள்கிறேன். வழிகள் நான்கு: சுத்தம் செய்து சரிபார்ப்பது, பட்டையை மாற்றுவது, பிளேடுக்குச் சாணை பிடிப்பது, புது பிளேடு வாங்குவது. ரெயிலையே மாற்றுவது ஐந்தாவது. அது அபூர்வம், கடைசியில் இரண்டு வரி.

## முதலில் வெட்டைப் படியுங்கள்

ஒரு துண்டு மெலமைன் பலகையை (வழவழப்பான மேல்தோல் ஒட்டிய பலகை) வெட்டி, இரண்டு துண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ரெயிலுக்கு அடியில் இருந்த துண்டின் மேல்முகம் மட்டும் பிய்ந்திருந்தால் பட்டையைச் சந்தேகப்படுங்கள். அந்தப் பட்டையின் வேலையே பல் மேலேறி வரும் இடத்தில் பலகையின் தோலை அமுக்கிப் பிடிப்பதுதான். கழிவுத் துண்டின் பக்கம் மட்டும் பிய்ந்தால் பெரும்பாலும் கவலையே வேண்டாம். அந்தப் பக்கம் பட்டை கிடையாது. சில ரம்பங்களில் அதற்கென ஒரு சின்னப் பிளாஸ்டிக் காப்பு உண்டு, அது தேய்ந்திருக்கலாம். இரண்டு பக்கமும், அடிமுகமும் சேர்ந்து பிய்ந்தால் பிளேடு. விளிம்பு கருகியிருந்தால் பிசின் படிந்த பல், மந்தமான பல், அல்லது நீங்கள் தள்ளும் வேகம் மிகக் குறைவு. விளிம்பில் குறுக்கும் மறுக்குமாக வளைகோடுகள் தெரிந்தால் பிளேடின் பின்பக்கப் பற்களும் உரசுகின்றன. அது ரம்பத்தின் அமைப்புக் கோளாறு. எத்தனை பிளேடு மாற்றினாலும் போகாது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயம் பார்ப்பேன். கையிலிருந்து போகும் காசு முதலாவது. வேலை எத்தனை நாள் நிற்கும் என்பது இரண்டாவது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் பொதுவான புதுப்பிப்பு வேலைக்கே திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 மணி வரைதான் அனுமதி, ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் கிடையாது. சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு ஒரு பலகை வீணானால் அடுத்த வெட்டு திங்கட்கிழமைதான். பிளேடு சாணைக் கடையில் உட்கார்ந்திருக்கும் நாட்களை இந்தக் கணக்கில் போட மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, என்ன வெட்டுகிறீர்கள் என்பது. வெள்ளை மெலமைனும் பளபளப்பான லேமினேட்டும் எதையும் மன்னிக்காது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை என்றால் கொஞ்சம் பிசிறு இருந்தாலும் உப்புத்தாள் சமாளித்துவிடும். நான்காவது பலரும் கேட்காதது: இதை மாற்றினால் வேறு எதையாவது சேர்த்து மாற்ற வேண்டியிருக்குமா? பிளேடும் பட்டையும் ஒரு ஜோடி. ஒன்றைத் தொட்டால் மற்றது கேட்கும்.

| வழி | காசு | நேரம் | எப்போது சரி | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|---|
| சுத்தம், சரிபார்ப்பு | ஏறக்குறைய ஒன்றுமில்லை | ஒரு மணி | எப்போதும் முதலில் | துரு பிடிக்காமல் காய வைக்கும் பொறுமை |
| பட்டை மாற்றம் | குறைவு | வேலை அரை மணி, பிறகு ஓர் இரவு | ரெயில் பக்கத்தில் மட்டும் பிசிறு | பிறகு பிளேடு மாற்றினால் மறுபடி செலவு |
| சாணை | நடுத்தரம் | சில நாள் | நல்ல பிளேடு, உடையாத பற்கள் | போக்குவரத்து, மாற்று பிளேடு |
| புது பிளேடு | அதிகம் | உடனே | பல் உடைந்தால், பொருள் மாறினால் | பட்டை பொருந்தாமல் போவது |

## சுத்தம் செய்து சரிபார்ப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி வகை என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். பிளேடைக் கழற்றி, அகலமான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவமும் கலந்து பத்து நிமிடம் ஊற வையுங்கள். பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பல்லின் முகத்தையும் பக்கத்தையும் தேயுங்கள். கெருயிங் போன்ற பிசின் மரம் வெட்டிய பிளேடில் காப்பிக் கறைபோலப் படிந்திருப்பது கழன்று வரும்போது, மந்தமாகிவிட்டது என்று நினைத்த பல் பளிச்சென்று நிற்கும். அடுப்பு துடைக்கும் காரமான கரைசல் வேண்டாம். பிளேடின் பூச்சுக்கும் பல்லைப் பிடித்திருக்கும் பற்றவைப்புக்கும் அது நல்லதல்ல.

அப்புறம் உடனே துடைத்துக் காய வையுங்கள். சிங்கப்பூரில் காலைப் பொழுதில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். பலரும் ரம்பத்தை வைக்கும் இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தற்காப்பு அறையான பாம் ஷெல்டர். காற்றோட்டம் குறைந்த அந்த அறையில், அரைகுறையாகத் துடைத்த பிளேடு ஒரு வாரத்தில் செம்புள்ளி போட்டுவிடும். மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

ரெயிலுக்கும் இதே கவனம் வேண்டும். மேலே ரம்பம் சறுக்கும் பட்டைகளில் தூசி படிந்தால் தள்ளும்போது திக்கித் திக்கிப் போகும், அந்தத் திக்கல் அப்படியே விளிம்பில் பதியும். ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியை லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் போதும். எண்ணெய் போட்டால் தூசி களிம்பாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே அருமையாகச் சறுக்கும், ஆனால் அது பலகையில் ஒட்டினால் பிறகு அடிக்கும் லாக்கர் அந்த இடத்தில் மீன்கண்போலக் குழிந்து விலகும். தச்சுப் பட்டறைக்குள் அதை விடாமல் இருப்பதே நல்லது. ரெயிலின் அடியில் இருக்கும் வழுக்காத பட்டைகளில் தூசி ஏறினால் வெட்டும்போது ரெயிலே நகரும். அதையும் ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள்.

கடைசியாக, ரம்பத்தை ரெயில்மேல் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அடித்தட்டில் இருக்கும் இரண்டு திருகுகளைத் திருகி, ஆட்டம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இறுக்கமாகி விடக்கூடாது. கை லேசாகத் தள்ளினால் தானே ஓட வேண்டும்.

வெட்டு ஆழத்தையும் பாருங்கள். பலகையின் தடிமனுக்கு மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். 18 மில்லிமீட்டர் பலகையை முழு ஆழத்தில் வெட்டுபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். ரெயிலின் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று மட்டும் நினைவிருக்கட்டும், சில ரம்பங்களின் ஆழ அளவுகோல் அதைத் தானே கழித்துக் காட்டும்.

## பட்டையை மாற்றுவது

இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன்.

புது ரெயிலில் பட்டை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் ஓட்டத்தில் உங்கள் பிளேடே அதை அறுத்து, தன் பாதையை அதில் எழுதிக்கொள்கிறது. அதற்குப் பிறகு பட்டையின் ஓரம்தான் வெட்டுக் கோடு. பென்சில் கோட்டில் ஓரத்தை வைத்தால் போதும் என்ற வசதி அதனால்தான். பட்டை அந்த ஒரு ரம்பத்துக்கும் அந்த ஒரு பிளேடுக்கும் சொந்தம் என்பதும் அதனால்தான்.

ஒருமுறை பொங்கோல் வீடு ஒன்றில் வெள்ளை லேமினேட் டிவி அலமாரி வேலை. முந்தின நாள் இரவு புதுப் பட்டை ஒட்டி, அழகாக அறுத்து வைத்தேன். மறுநாள் காலை, பட்டைதான் புதுசாச்சே, பிளேடும் புதுசாக இருக்கட்டும் என்று வேறு நிறுவனத்தின் மெல்லிய பிளேடைப் போட்டேன். இரண்டு பலகை பிசிறடித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பட்டைக்கும் வெட்டுக்கும் நடுவே ஒரு ஏ4 தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பலகையின் தோல் எழும்பிப் பிய்ந்திருந்தது. தவறு முழுக்க என்னுடையது. கூட வேலைக்கு வந்திருந்த மச்சான் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கணக்கு இதுதான். பிளேடில் பெரும்பாலும் இரண்டு எண் அச்சிட்டிருக்கும்: பல்லின் அகலம், தகட்டின் தடிமன். 2.2 / 1.6 என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.6. பல் ஒவ்வொரு பக்கமும் தகட்டைத் தாண்டி 0.3 மில்லிமீட்டர் நிற்கிறது. பிளேடு மோட்டார் பக்கத்து வளையத்தில் போய் உட்காருகிறது, ரெயிலும் அந்தப் பக்கம்தான். ஆகவே பட்டைக்கு முக்கியம் பல்லின் மொத்த அகலம் இல்லை, இந்த 0.3தான். நான் போட்ட புது பிளேடு 1.6 / 1.2. அதில் பல் 0.2தான் வெளியே நிற்கும். 0.1 மில்லிமீட்டர் இடைவெளி அங்கிருந்து வந்தது. அதுவே 1.8 / 1.2 பிளேடாக இருந்திருந்தால், மெல்லியதாக இருந்தாலும், அதே 0.3. பட்டை அப்படியே பொருந்தியிருக்கும். எண் தெரியாவிட்டால் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

இதிலிருந்து வரிசை தானாக வருகிறது: பிளேடு விஷயத்தை முதலில் முடியுங்கள், பட்டையைக் கடைசியில் ஒட்டுங்கள்.

ஒட்டுவதில் சில நுணுக்கம். பழைய பட்டையை முடி உலர்த்தியால் சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். மிச்சமிருக்கும் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். தின்னர் வேகமாக எடுக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கும் சறுக்குப் பட்டையையும் கெடுக்கலாம். புதுப் பட்டையை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்தால் இரண்டு மூன்று நாளில் சுருங்கி முனையில் குறையும். ஓர் இரவு விட்டு, மறுநாள் ரெயிலை ஒரு கழிவுப் பலகைமேல் கிளாம்ப் போட்டு, முழு வேகத்தில் ஓடும் ரம்பத்தை மெதுவாக, நடுவில் நிறுத்தாமல், ஒரே இழுப்பாகக் கடைசி வரை தள்ளுங்கள். சில மில்லிமீட்டர் ஆழம் போதும். ரெயிலை அந்தரத்தில் வைத்து அறுத்தால் பட்டை கீழே வளைந்து ஓரம் அலை அலையாக வரும்.

காசே செலவழிக்காத ஒரு குறுக்கு வழியும் உண்டு. பட்டை நைந்திருக்கிறது, ஆனால் கிழியவில்லை என்றால், அதை உரித்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி, தேவைப்பட்டால் இருபக்க டேப் போட்டு ஒட்டி, மறுபடி அறுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை நன்றாக வேலை செய்யும்.

இரண்டு ரம்பம் ஓடும் பட்டறைக்கு ஒரு வார்த்தை. மகிட்டா நிறுவனத்து ரம்பம் ஃபெஸ்டூல் நிறுவனத்து ரெயிலில் ஓடும் என்பது உண்மைதான். ஓடுவது வேறு, பட்டை பொருந்துவது வேறு. காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று ஒரே ரெயிலில் ஓட்டினால் எது அதிகம் உள்ளே வெட்டுகிறதோ அது பட்டையைத் தின்றுவிடும், மற்றது பிசிறடிக்கும். ரம்பத்துக்கு ஒரு ரெயில் என்று பெயர் எழுதி மாட்டுங்கள்.

## சாணை பிடிப்பது

முதலில் பல் உண்மையிலேயே மந்தமா என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்த பிளேடை விளக்கடியில் திருப்பிப் பாருங்கள். கூரான முனையில் ஒளி தங்காது. மந்தமான முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். விரல் நகத்தை முனையில் லேசாக வைத்து இழுத்தால் கூரான பல் நகத்தைச் சுரண்டும், மந்தமானது வழுக்கும்.

பிளேடின் பல் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள், அதைச் சாதாரணச் சாணைக்கல் ஒன்றும் செய்யாது. வைரச் சக்கரம் வேண்டும். பிளேடைக் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வைரச் சக்கரமா? பல்லின் முகத்தையும் முதுகையும் இரண்டையும் தீட்டுவீர்களா? பழைய சாய்வுக் கோணத்தையே வைப்பீர்களா? மூன்றாவதற்கு, "எல்லாம் ஒரே மாதிரிதான் பிடிப்போம்" என்று பதில் வந்தால் பிளேடைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இடவலமாகச் சாய்ந்த பல்லும், மேல் தட்டையாக இருக்கும் லேமினேட் பல்லும் ஒரே மாதிரி பிடிக்கப்பட்டால் பிளேடின் குணமே மாறிவிடும்.

கணக்கில்தான் சாணை ஏமாற்றும். பெரிய 300 மில்லிமீட்டர் மேசை ரம்ப பிளேடுக்குச் சாணை எப்போதும் லாபம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 160, 165 மில்லிமீட்டர் பிளேடு வேறு கதை. ஒரு பேச்சுக்கு, பிளேடு 90 வெள்ளி, சாணைக் கூலி 30 வெள்ளி என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு விலையில் புதுசு மாதிரி என்று தோன்றும். காக்கி புக்கிட்டுக்கோ சுங்கை காடுட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பப் போய் எடுத்து வரும் இரண்டு பயணமும், அதில் போகும் இரண்டு அரை நாளும் சேர்த்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கேயோ போய்விடும். கூலியும் பெரும்பாலும் பல் எண்ணிக்கையைப் பொறுத்தது. 48 பல் பிளேடுக்கு 14 பல் பிளேடைவிட அதிகம் கேட்பார்கள்.

அதனால் ஒரே ஒரு பிளேடு வைத்திருப்பவருக்கு நான் சாணையைப் பரிந்துரைப்பதில்லை. மூன்று நான்கு பிளேடைச் சேர்த்துக் கொடுக்கும் பட்டறைக்கு அது சரியான வழி. நல்ல நிறுவனத்துப் பிளேடாக, பற்கள் தடிமனாக, ஒன்றும் உடையாமல் இருந்தால் பல தடவை பிடிக்கலாம். மலிவான பிளேடின் பற்கள் மெல்லியவை, ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தாங்காது. சாணை பிடித்து வந்த பிளேடில் பல்லின் அகலம் மிகக் கொஞ்சம்தான் குறையும். முதல் தடவையில் பட்டை பெரும்பாலும் பொருந்தும். ஆனாலும் கழிவுத் துண்டில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டே நல்ல பலகையைத் தொடுங்கள்.

## புது பிளேடு

பல் உடைந்திருந்தால் பேச்சே இல்லை, புதுசுதான். ஆணியில் ஏறிய பிளேடை வைத்துக்கொண்டு சாணைக் கடையில் பேரம் பேசுவது வீண். கார்பைடு பல் ஒன்று பறந்துபோன பிளேடை ஓட்டவே கூடாது.

வெட்டும் பொருள் மாறும்போதும் புதுசு வாங்குங்கள். 28 பல் பிளேடு நியாத்தோ மரச் சட்டத்தை நீளவாக்கில் கிழிக்க நல்லது. அதைக் கொண்டு மெலமைன் வெட்டிவிட்டு ரெயிலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மெலமைனுக்கும் பிளைவுட்டின் குறுக்கு வெட்டுக்கும் 48 அல்லது 56 பல். நுண்பல் பிளேடால் கனமான மரத்தை நீளவாக்கில் கிழித்தால் கருகும், அதற்கும் பிளேடு பொறுப்பல்ல.

வாங்கும்போது விட்டமும் நடுத்துளையும் சரியா என்று பாருங்கள். ஃபெஸ்டூல் 160, மகிட்டா 165, இரண்டுக்கும் துளை 20 மில்லிமீட்டர். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் அந்த அளவில் துளை பெரிதான பிளேடுகளும் தொங்கும், வளையம் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். சாதாரண வட்ட ரம்பத்துக்கு இருக்கட்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நாம் சண்டை போடும் கருவிக்கு வேண்டாம். பிளேடின் அதிகபட்சச் சுழற்சி உங்கள் ரம்பத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். ரம்பத்தில் பிளவுக் கத்தி (பிளேடுக்குப் பின்னால் வெட்டுக்குள் நிற்கும் தகடு) இருந்தால், அதன் தடிமன் தகட்டைவிட அதிகமாகவும் பல்லின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு நடுவழியில் சிக்கிப் பின்னால் உதைக்கும்.

இணையத்தில் விலை குறைவு என்று வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், 2023 முதல் சின்னச் சாமான்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறான துளையோடு வந்தால் திருப்பி அனுப்பும் செலவு தனி.

## ரெயிலையே மாற்றுவது

ரெயில் வளைந்திருந்தால் மட்டும். இரண்டு ரெயிலை ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். 1220 மில்லிமீட்டர் அகலப் பலகைக்கு 1400 ரெயில் போதும். 2440 நீளத்துக்கு 2700 ரெயில் வாங்கும் முன் உங்கள் புளோக் லிஃப்டை அளந்துவிடுங்கள். பலர் இரண்டு 1400ஐ இணைத்துக்கொள்வது இந்த லிஃப்டால்தான்.

## கேட்ட இருவருக்கும்

செங்காங்காரரின் ரம்பத்தில் ரெயில் பக்கத்தில் மட்டும்தான் பிசிறு. பாம் ஷெல்டரில் ரெயிலைச் சுவரில் சாய்த்து வைத்து, பட்டை ஒரு முனையில் மடங்கிப்போயிருந்தது. ஒரு பட்டை, ஓர் இரவு, வேலை முடிந்தது. இப்போது ரெயிலைத் துளையில் கயிறு கோத்துத் தொங்கவிடுகிறார்.

சுங்கை காடுட்காரருக்கு இரண்டு பக்கமும் பிசிறு, அடியிலும் பிசிறு, பல்லில் வெள்ளைக் கோடு. அவரைப் புது 48 பல் பிளேடு ஒன்று வாங்கச் சொன்னேன், பழையதோடு அளவு பொருந்துவதாக. பழையதைத் தூக்கிப்போட வேண்டாம், இன்னும் இரண்டு சேர்ந்ததும் ஒன்றாகச் சாணைக்குக் கொடுக்கலாம் என்றேன். "அப்ப பட்டை?" என்றார். "பழசுல 2.2, 1.6னு போட்டிருக்கு. புதுசுல என்ன போட்டிருக்குன்னு கடையிலேருந்தே படிச்சுச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன்.